பொருத்தனைக் கித்தார்

எங்கள் வீட்டில் எதையும் விற்றுப் பழக்கம் கிடையாது. வாங்கியது கிழிந்தால் தைப்போம், உடைந்தால் கட்டுவோம், அதற்கும் மேலே போனால் அடுப்பில் வைப்போம். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் பாதிக் கடை தமிழ்க்காரர்களுடையதுதான் என்றாலும், வியாபார ரத்தம் எங்கள் பக்கம் ஒரு சொட்டும் வந்து சேரவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு வருடம், ஈஸ்டர் முடிந்ததிலிருந்து வைகாசியில் இடவப்பாதி மழை தொடங்கும் வரைக்கும், ஒரு கித்தாரை விற்றுக்கொண்டே இருந்தோம். விற்றுவிட்டோம் என்று சொல்லவில்லை, விற்றுக்கொண்டே இருந்தோம் என்கிறேன். அது விற்காமல் இழுத்துக்கொண்டு போனதில் அந்த வயதில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பாவுக்குச் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை. சொந்த ஊர் நாகர்கோவிலுக்குத் தெற்கே. திருவனந்தபுரத்தில் பாளையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான். அண்ணனுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். நடுவில் பிறந்தவர்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். அம்மா அவர்களைப் பற்றிப் பேசமாட்டாள். ஆனால் எங்கள் இருவரில் யார் தும்மினாலும் அவள் கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும்.

கித்தார் வந்தது போனக்காட்டிலிருந்து. அங்கே தேயிலைத் தோட்டத்தில் என் சித்தப்பாவுக்குக் கணக்கு எழுதும் வேலை. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது தன் சாமான்களையெல்லாம் பங்களா வாசலில் பரப்பி வைத்து வந்த விலைக்குக் கொடுத்தாராம். கட்டில், கண்ணாடி, பீங்கான் எல்லாம் போயிற்று, அவருடைய பழைய தொப்பிகூடப் போயிற்று. கித்தாரை மட்டும் சீந்துவாரில்லை. மலையில் அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய? சித்தப்பா இரக்கப்பட்டு வாங்கி, சாக்கில் பொதிந்து, அண்ணன் பள்ளிக்கூடப் படிப்பு பாஸானதற்குப் பரிசு என்று கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பக்கவாட்டில் ஒரு கீறல் இருந்தது. நடு ஓட்டையில் மூக்கை வைத்தால் தேயிலை வாசனை அடிக்கும். பிற்பாடு அண்ணன் இண்டர்மீடியட்டில் கணக்கில் தோற்றபோது, அதற்குச் சித்தப்பாவே பொறுப்பு என்று அப்பா தீர்மானித்துவிட்டார்.

தோற்றவன் மறுபடி பரீட்சை எழுதவில்லை. அப்பா சொன்ன வேலைக்கும் போகவில்லை. அப்பாவும் அவனும் நேருக்கு நேர் பேசுவதை விட்டுவிட்டு, ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள். பகல் முழுக்க அவன் பின்கட்டில் முருங்கைமரத்துப் பக்கம் உட்கார்ந்து கித்தார் வாசிப்பான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் சபைக் கோவிலில் பாடுகிற கீர்த்தனைகளைக் கம்பி கம்பியாகத் தேடித் தானே கண்டுபிடித்தான். "தகரத்தப் போட்டு உருட்டுத மாதிரி" என்பார் அப்பா.  மீன் கழுவிக்கொண்டோ தேங்காய் துருவிக்கொண்டோ அம்மா மெல்லப் பாட ஆரம்பிப்பாள், அவன் அவள் சுருதிக்குக் கம்பியை இறக்கிக்கொள்வான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதுகூடக் கிடையாது, நடுவில் சுவர் இருந்தது. அந்தக் கித்தார் மட்டும் இல்லையென்றால் பயல் எப்போதோ வீட்டைவிட்டுப் போயிருப்பான் என்று அவள் பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னது ஒருநாள் என் காதில் விழுந்தது.

அந்த வேனலில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு டைபாயிடு என்றார். அந்தக் காலத்தில் அதற்கென்று மருந்து ஏது? காய்ச்சல் தானாக இறங்க வேண்டும், அல்லது ஆளைக் கொண்டுபோக வேண்டும். பார்லிக் கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். என்னைக் கிட்டே விடவில்லை. கதவிடுக்கில் பார்ப்பேன். அண்ணன் இருந்த இடத்தில் ஒரு மூக்கும் இரண்டு கன்னத்து எலும்பும் கிடந்தன.

மூன்றாவது வாரத்தில் அவனுக்கு நினைவு தப்பியது. கண் பாதி மூடியிருக்க, விரல்கள் மட்டும் போர்வையை ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தன. டாக்டர் அந்த விரல்களைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளைத் தொட்டு வெளியே அழைத்துக்கொண்டு போனார். அந்த விரல்களுக்கு வைத்திய சாஸ்திரத்தில் சாவு கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம் என்பது எனக்குப் பல வருடம் கழித்து ஒரு நர்ஸ் சொல்லித் தெரிந்தது. அம்மாவுக்கும் அன்றைக்குத் தெரியாது. அவள் பார்த்தது வேறு.

"புள்ள கித்தார் வாசிக்கான். இந்த நெலையிலயும் அதையே வாசிக்கானே" என்றாள்.

அப்படியே கட்டிலோரத்தில் முழங்காலிட்டாள். வாய்விட்டே ஜெபம் பண்ணினாள். "கர்த்தாவே, இவன் உசுர எனக்குத் திருப்பித் தாரும். இவன் உசுரா வச்சிருக்குத கித்தார நான் உமக்குத் தந்துருதேன். இது பொருத்தனை."

மற்றவர்கள் நேர்த்திக்கடன் என்பதை எங்கள் சபையில் பொருத்தனை என்போம். சேவல் நேர்வார்கள், வாழைக்குலை நேர்வார்கள், கொஞ்சம் வசதியிருந்தால் ஆடு. நேர்ந்ததைக் கோவிலுக்குக் கொண்டுவருவார்கள், ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் போடுவார்கள், பணம் உண்டியலுக்குப் போகும். எல்லோரும் தங்கள் கோழியைத்தான் நேர்வார்கள். அடுத்தவன் கோழியை நேர்ந்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்ததில்லை. என் அம்மாவுக்கு அன்றைக்கு அந்த வித்தியாசம் தோன்றவில்லை. பெற்ற பிள்ளையுடைய பொருள் தன் பொருள்தானே என்று நினைத்தாளோ என்னவோ.

மறுநாள் வியர்த்தது. அதற்கு மறுநாள் காய்ச்சல் இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான். கடவுள் இத்தனை வேகமாக வேலை செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அண்ணன் எழுந்து உட்கார்ந்து, சோறு தின்னத் தொடங்கி, தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டி முடிந்த பிறகு, கித்தாரைக் கேட்டான். அம்மா அதை ஏற்கெனவே வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியின் மேலே ஏற்றிவிட்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

அவன் அலமாரியை அண்ணாந்து பார்த்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றான்.

"நீ பதில் சொல்லுத நெலையிலயா மக்கா கெடந்தே?"

"ஒங்க சங்கிலிய நேந்திருக்கலாம்லா."

"அது போனா எனக்குத்தான நஷ்டம்? நீ பொழைக்கணும்னா ஒன் சாமான்லா போவணும்." அம்மா இதைத் தெளிவாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மக்கா, கோவப்படாத. குடுத்த வாக்க மாத்துனா ஒன்ன எடுத்துக்கிடுவாரு. எனக்கு இனிமே தாங்காது."

அவன் அதற்குப் பிறகு வாதாடவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கத்துவான், அலமாரியைத் தள்ளிவிடுவான், நான் வேடிக்கை பார்க்கலாம் என்று காத்திருந்தேன். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கித்தாரைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, நாங்கள் கோவிலுக்குப் போனோம். ஏலத்துக்கு வந்த சாமான்கள் வரிசையாக இருந்தன. காலைக் கட்டின சேவல், இரண்டு சேனைக்கிழங்கு, ஒரு பூவன் குலை, அதற்குப் பக்கத்தில் எங்கள் கித்தார். சேவல் அதைக் கொத்திப் பார்த்தது. சபையார் அதைச் சுற்றி நின்று தாடையைத் தடவினார்கள். யாருக்கும் என்ன விலை கேட்பதென்று தெரியவில்லை.

போதகர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். "இத இங்க வச்சு ஏலம் விட்டா சேனைக்கெழங்கு வெலைக்குத்தான் போவும். அது கர்த்தருக்கும் மரியாத இல்ல, கித்தாருக்கும் மரியாத இல்ல. வீட்டுல வச்சு, தெரிஞ்ச ஆளுக்கு நியாயமான வெலைக்கு வித்து, பணத்தக் கொண்டுவந்து போடுங்க. பொருத்தனை நெறவேறுனதாத்தான் அர்த்தம்" என்றார். அப்பா மறுபடி அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இப்படியாக நாங்கள் வியாபாரிகள் ஆனோம். அப்பா தன் சவரக்காரரிடம் சொன்னார். அதற்கு மேல் ஒரு விளம்பரமும் தேவைப்படவில்லை. ஒரே வாரத்தில் பாளையத்திலிருந்து கோட்டை வரைக்கும், பாண்டிக்காரத் தமிழ்க் குமாஸ்தா வீட்டில் ஒரு சீமைக் கித்தார் விலைக்கு இருக்கிறது என்று பரவிவிட்டது.

ஆட்கள் வர ஆரம்பித்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. கர்த்தருக்கு நேர்ந்த பொருளை யாரும் தொடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அண்ணன்கூட, அண்ணன் முக்கியமாக. ஆனால் வாங்க வருகிறவன் சத்தம் கேட்காமல் வாங்குவானா? வந்தவர்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது, பலாப்பழத்தைத் தட்டுவதுபோல முதுகில் தட்டிப் பார்த்துவிட்டுத் திருதிரு என்று விழிப்பார்கள். ஆகவே, விற்பதற்காக மட்டும் அண்ணன் வாசிக்கலாம் என்று அம்மா அனுமதி கொடுத்தாள். ஆள் வந்தால் அலமாரியிலிருந்து இறங்கும். அண்ணன் திருகாணிகளைத் திருகிக் கம்பிகளுக்குச் சுருதி கூட்டுவான். ஒரு கீர்த்தனை, பிறகு துரை பாட்டு ஒன்று. ஆள் போனதும் மறுபடி வெள்ளைத் துணி, மறுபடி அலமாரி.

வாரம் முழுக்க அவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். தெருக்கோடியில் அறிமுகமில்லாத செருப்புச் சத்தம் கேட்டால் அவன் கழுத்து நிமிரும். தன் கித்தாரை விலைக்குக் கேட்டு யாராவது வரமாட்டார்களா என்று அவன் காத்துக்கிடந்தான்.  அப்போது நான் என் பங்குக்கு ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, தினமும் ஒரு ஆளை அனுப்பும், ஆனால் ஒருத்தரும் வாங்க வேண்டாம். அம்மாவின் ஜெபத்துக்கு நேர் எதிராக நான் ஜெபம் பண்ணுகிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் உதறலாகவும் இருந்தது.

ஆனால் நான் பயந்தபடி நடக்கவில்லை. வந்தவர்களை விரட்டியது அம்மாவேதான்.

முதலில் ஒரு நாடகக் கம்பெனிக்காரர் வந்தார். அவர் வாயில் வெற்றிலையைப் பார்த்ததுமே அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து இல்லை என்று கையசைத்துவிட்டாள். கர்த்தருடைய பொருள் கூத்துக்குப் போகக் கூடாதாம். அடுத்து ஒரு மலையாளத்து பேண்டு வாத்தியக்காரர், வெள்ளை உடுப்பும் மெருகேற்றின பூட்ஸுமாக வந்தார். வாசிக்கத் தெரிந்தவர், மரியாதைக்காரர். கம்பியைத் தொட்டுப் பார்த்து, "சாதனம் கொள்ளாம் அம்மா. வில பறஞ்ஞாட்டே" என்று மெச்சி விலை கேட்டார். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது.

அம்மா விலையைச் சொல்லவில்லை. "பக்கத்துல ஒரு கீறல் இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றாள். "மழைக்காலத்துல சத்தம் அடைக்கும். பொறவு மோசம் பண்ணிட்டோம்னு சொல்லப்பிடாது." அப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வாத்தியக்காரர் அதற்கும் சம்மதித்தார். "இத நீங்க எங்க வச்சு வாசிப்பீங்க?" என்றாள் அம்மா. அந்த மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர். கல்யாண வீடுகளில் வாசிப்பேன், சனிக்கிழமை கிளப்பில் துரைமார்கள் ஆடும்போது வாசிப்பேன் என்றார். கிளப்பா? தீர்ந்தது. கித்தார் அலமாரிக்குப் போயிற்று.

மூன்றாவதாக ஒரு வக்கீல் வீட்டுப் பையன் வந்தான். காலேஜில் படிக்கிறவன், வெற்றிலை இல்லை, கிளப் இல்லை, கேட்ட விலையைக் கொடுக்கத் தயார். அண்ணன் அன்றைக்கு அவனுக்காக நாலைந்து பாட்டு வாசித்தான். பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். அடுக்களையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது, அம்மா நிலைப்படியில் சாய்ந்து நின்றவள் அசையவேயில்லை. பிறகு உள்ளேயிருந்தே, யோசித்துச் சொல்கிறோம் என்று அப்பாவைச் சொல்லச் சொன்னாள்.

பையன் தெருவைத் தாண்டியதும் அப்பா பிடித்துக்கொண்டார். "இவனுக்கு என்ன கொறச்சல்?"

"வெரல்ல எத்தன மோதிரம் பாத்தியளா? வாசிச்சா கித்தாரக் கீறிப்போடுவான்."

"கீறினா ஒனக்கு என்ன? வித்த பொறவு அது அவன் சாமானாக்கும். நீ விக்கவும் விடமாட்ட, புள்ளைய வாசிக்கவும் விடமாட்ட. நேந்த பொருள வச்சுக்கிட்டு என்ன வெளையாட்டு இது?"

அம்மா அடுப்பைத் துடைத்தாள். அவளுக்குப் பக்தி ரொம்ப அதிகம், அதனால்தான் இத்தனை நிபந்தனை என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஆளைத் திருப்பி அனுப்பும்போதும் இன்னொரு ஆள் வருவான், இன்னொரு தடவை அது அலமாரியிலிருந்து இறங்கும் என்று அவளும் என்னைப் போலவே எண்ணியிருக்கலாம் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புத்தியில் ஏறியது.

இப்படி இழுத்தால் எத்தனை நாள் போகும்? வைகாசி பிறந்ததும் முதல் மழை பெய்தது. அண்ணன் அதில் நனைந்துவிட்டு வந்தான். சாயங்காலம் உடம்பு சுட்டது. சாதாரண நீர்க்கோர்வைதான், காலையில் விட்டுவிட்டது. ஆனால் அம்மா அதற்குள் சாம்பலாகிவிட்டாள். அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, "நான் தாமசிச்சதுக்காக்கும், நான் தாமசிச்சதுக்காக்கும்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடுத்து வருகிறவன் யாராக இருந்தாலும் சரி, கள்ளுக்கடைக்காரனாக இருந்தாலும் சரி, கொடுத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

வந்தவர் கள்ளுக்கடைக்காரர் அல்ல. போனக்காட்டிலிருந்து ஒரு உபதேசியார் வந்தார். மலையில் கொழுந்து கிள்ளுகிற தமிழ்க்காரர்களுக்கென்று ஒரு சின்ன ஜெபவீடு உண்டு, அதைப் பார்த்துக்கொள்கிறவர். ஜெபவீட்டு ஆர்மோனியம் மலைப்பனியில் பூஞ்சை பிடித்துச் செத்துப்போய்விட்டதாம். சித்தப்பா சொல்லியனுப்பினாராம். கொழுந்து கிள்ளுகிற பெண்கள் சேர்த்துக்கொடுத்த பணத்தை ஒரு கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்திருந்தார். நனைந்த குடையை வாசலிலேயே சாய்த்துவிட்டு, உட்காரச் சொன்னபோது கூச்சத்தோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுல என்ன வாசிப்பீங்க?" என்று கேட்டாள், பழக்க தோஷம்.

"கீர்த்தனைதான் அம்மா. வேற என்னத்த வாசிக்க?"

"கீறல் ஒண்ணு இருக்கு."

"எங்க ஆர்மோனியத்துல எலியே குடியிருந்துச்சும்மா" என்றார் அவர்.

அம்மாவிடம் கேள்வி தீர்ந்துபோயிற்று. கர்த்தருடைய பொருள் கர்த்தருடைய வீட்டுக்கே போகிறது. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? அவள் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் மாப்பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றும் அகப்படாத பெண்வீட்டுக்காரி போல முகம் வாடி நின்றாள். பிறகு தானே போய் அலமாரியிலிருந்து கித்தாரை இறக்கி அண்ணன் மடியில் வைத்தாள்.

"கடசியா வாசி மக்கா" என்றாள்.

அவன் வாசித்தான். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார், கரகரப்பான தொண்டை, ஆனால் சுருதி விலகவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைக்குட்டை முடிச்சை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை எண்ணவில்லை, அவிழ்க்கக்கூட இல்லை. வேதப்புத்தகத்தின் மேல் வைத்தாள்.

அப்போதுதான் உபதேசியாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "வாங்கியாச்சு. எங்க பக்கத்துல இத வாசிக்கத் தெரிஞ்ச ஆள் கெடையாதே, தம்பி. ஆரு படிச்சுக்குடுப்பா?"

"நான் வாறேன்" என்றான் அண்ணன்.

பல மாதங்களுக்குப் பிறகு அவன் குரலில் உயிர் இருந்தது. அம்மா சட்டென்று திரும்பினாள். "நீ அதத் தொடப்பிடாது. அது நேந்த பொருள்."

உபதேசியார் பாவம், ஒன்றும் அறியாதவர், சிரித்தார். "அம்மா, நேந்த பொருளு கோவிலுக்கு வந்துட்டா பொறவு அத வாசிக்கத்தான வேணும்? கர்த்தருக்கு வாசிக்கதுக்கு ஆரும் தடை சொல்ல முடியாதுல்லா."

"காய்ச்ச கெடந்த ஒடம்பு. மலைக் குளிரு தாங்காது."

"பத்து நாள்தானம்மா. சித்தப்பா வீடு இருக்கு" என்றான் அண்ணன். வெகுநாள் கழித்து அப்பா அவனிடம் நேராகப் பேசினார். "போயிட்டு வா. மலைக்காத்து நல்லது. சும்மா கெடக்கதுக்கு அதாவது செய்யி" என்றார். அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். இவர் ஏன் குறுக்கே பேசுகிறார் என்று கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் நெடுமங்காடு பஸ்ஸில் அவர்கள் ஏறினார்கள். கித்தாரைக் கூரையில் கட்டலாம் என்று பஸ்காரன் சொன்னான். அண்ணன் கேட்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டான். அவன் தலையில் அப்போதுதான் புது மயிர் குருத்துவிட்டிருந்தது. அம்மா ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் கழுத்தில் மப்ளரைச் சுற்றிவிட்டாள். வண்டி கிளம்பும்வரை சுற்றிக்கொண்டேயிருந்தாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். கர்த்தருக்குப் பணம் கிடைத்தது, ஜெபவீட்டுக்குக் கித்தார் கிடைத்தது, அண்ணனுக்கு வாசிக்கக் கிடைத்தது. ஒருத்தருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம். பேசாமல் எல்லாவற்றையும் இப்படியே விற்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன், அவர்கூடச் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கைக்குட்டை முடிச்சு உண்டியலுக்குப் போயிற்று. போதகர் பிரசங்கத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பொருத்தனை நிறைவேறியதைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார். சபை முழுவதும் திரும்பி அம்மாவைப் பார்த்தது.

பத்து நாள் போயிற்று. அண்ணன் வரவில்லை. மழை பலமாகிவிட்டது, மலைப் பாதை சரிந்திருக்கும் என்று அப்பா சொன்னார். ஆடி வந்தது. சித்தப்பா ஒரு காரியமாகக் கீழே வந்தவர், பையன் நன்றாக இருக்கிறான், சதை போட்டிருக்கிறான், தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறான், மலையெல்லாம் அவனுக்குப் பின்னால்தான் நடக்கிறது என்று சொன்னார். அம்மா ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். எப்போது வருவான் என்று கேட்டாளா என்றால், என் நினைவில் கேட்கவில்லை.

ஓணம் கழிந்து அண்ணன் வந்தான். நான்தான் முதலில் பார்த்துக் கத்தினேன். ஆள் கறுத்து, தோள் அகன்று, வேறு யாரோ மாதிரி நிலையில் குனிந்து நுழைந்தான். தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கிறார்கள், தன்னையே வாத்தியாராகப் போட்டிருக்கிறார்கள், தங்க ஒரு அறையும் உண்டு என்றான். இதை அப்பாவிடமே நேராகச் சொன்னான். அப்பா அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மா பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அவனைக் கேட்டாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பது மாதிரி.

சாப்பிட்டு எழுந்து அவன் தன் துணிமணிகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கினான். பழைய பாடப்புத்தகங்களை எனக்குக் கொடுத்தான். மூன்று மணி பஸ்ஸுக்கே கிளம்ப வேண்டுமாம், பிள்ளைகள் காத்திருப்பார்களாம். அப்பா பெட்டியைத் தூக்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு அவனோடு பஸ் வரைக்கும் போனார். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று அண்ணன் திரும்பிப் பார்த்துச் சொன்னான். வந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்தான், பிற்பாடு மனைவியோடும் வந்தான், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவான்.

அன்றைக்கு அம்மா வாசல் வரைக்கும்தான் வந்தாள். அவர்கள் தெருமுக்குத் திரும்பியதும் உள்ளே போய் அடுக்களையில் தரையில் உட்கார்ந்தாள். அவன் சாப்பிட்ட தட்டு அங்கேயே இருந்தது. நான் பின்னாலேயே போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தபடி, யாரிடமோ நியாயம் கேட்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"கர்த்தாவே, நான் கித்தார மட்டுந்தான நேந்தேன்?"

அவளுக்குக் கணக்கு மறந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "ஆமாம்மா, அதத்தான குடுத்தோம்? எல்லாம் சரியாத்தான் இருக்கு. போதகர் ஐயாவே கோவில்ல சொன்னாருல்லா, பொருத்தனை முடிஞ்சுபோச்சுன்னு" என்றேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மூச்சுவிட முடியாதபடி இறுக்கினாள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லித் தேற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.